மல்லிகையின் அடியில் கோரை

வாசல் பாத்தியில் மல்லிகையைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று புல் எழும்பியிருக்கிறதா? பூத்த தண்டு ஒன்றை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாக இருந்தால் அநேகமாக அது கோரைதான். உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி 1977-ல் வெளிவந்த நூலில் முதல் இடமே இதற்குத்தான்!

நேற்றுப் பிடுங்கியது இன்று இரட்டிப்பாக முளைக்கிறதே என்று அலுத்துக் கொள்கிறீர்களா? காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அங்கே கிழங்குகள் மணி கோத்தாற்போல் சரமாகக் கிடக்கின்றன. சரம் அறுந்தால், உறங்கிக் கிடந்த கிழங்குகளும் விழித்துக் கொள்ளும்.

ஆத்திரத்தில் உப்பைக் கரைத்துக் கொட்டிவிடாதீர்கள். உப்பு மண்ணில் தங்கி மல்லிகை வேரையும் கருக்கிவிடும்.

முதல் நாள் மாலை தண்ணீர் விட்டு மண்ணை இளக்குங்கள். மறுநாள் காலை, களைக்கொத்தியை அரை அடி ஆழம் இறக்கி நெம்புங்கள். பெரும்பாலான கிழங்குகள் அதற்குள்ளேயே அகப்பட்டுவிடும். மல்லிகைத் தூரை ஒட்டி முளைத்ததை மட்டும் தோண்டாமல், மண் மட்டத்தில் அறுத்துவிடுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை தவறாமல் அறுத்து வந்தால், கிழங்கு தன் சேமிப்பைத் தின்று தீர்த்து மெலிந்து போகும். சில மாதங்கள் பிடிக்கும், பொறுமை அவசியம்.

எடுத்த கிழங்கை எருக்குழியில் போட்டால் மீண்டும் முளைக்கும். கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, ஸ்நானப் பொடியோடு சேர்த்து அரையுங்கள், கமகமவென்று மணக்கும். பாத்தியில் விரோதி, ஸ்நான அறையில் சிநேகிதி!