தள்ளாத வயதும் தள்ளிப்போட்ட வழக்கும்

"தொண்ணூற்றேழு வயதுக் கிழவியைக் கோர்ட்டுக்கு இழுத்து என்னத்தைச் சாதித்தார்கள்?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் ஆதங்கப்பட்டார். நல்ல மனிதர். ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். அவர் குறிப்பிட்டது, 2022 டிசம்பரில் ஜெர்மனியின் இட்சேஹோ நகரத்துக் கோர்ட்டில் தீர்ப்பான வழக்கை. அந்த அம்மாள் 1943 முதல் 1945 வரை ஸ்டுட்ஹோஃப் என்ற நாஜி முகாமின் தலைவனுக்குக் காரியதரிசியாக இருந்தவர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கொலைகளுக்கு உடந்தை என்று தீர்ப்பாயிற்று. தண்டனை இரண்டு வருஷம். அதையும் நிறுத்தி வைத்து, சிறைக்கு அனுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

நண்பரின் கருணையை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் இந்தக் கருணை இத்தனை வருஷமாக யார் வீட்டு வாசலில் நின்றது, யார் வீட்டு வாசலை எட்டிப் பார்க்கவில்லை என்று ஒரு கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

முதலில் பிழைத்தவர்கள் கணக்கு. 1945 ஜனவரி 27ஆம் தேதி சோவியத் படை ஆஷ்விட்ஸ் முகாமுக்குள் நுழைந்தபோது அங்கே எஞ்சியிருந்தவர்கள் சுமார் 7,000 பேர். அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 11 லட்சம். கதவு திறந்தது, கதை சுபம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எங்கே சுபம்? அந்த வருஷக் கோடையில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அனுப்பிய ஹாரிசன் என்பவர் ஜெர்மனியைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்: மீட்கப்பட்ட யூதர்கள் இன்னும் முள்வேலிக்குள்ளேதான் இருக்கிறார்கள், பலருக்குப் பழைய கைதி உடையைத் தவிர மாற்றுத் துணி இல்லை. சொந்த ஊர் தேடிப் போலந்துக்குப் போனவர்கள் கதி என்ன? 1946 ஜூலை 4ஆம் தேதி கியெல்ட்செ நகரத்தில் கும்பல் கூடி 42 யூதர்களைக் கொன்றது. யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு! போக்கிடமற்றவர்கள் தங்கிய ஃபோரன்வால்ட் முகாம், ம்யூனிக் நகரத்துக்கு அருகில், 1957இல்தான் மூடப்பட்டது.

மேற்கு ஜெர்மனியின் நஷ்டஈட்டுச் சட்டம் 1956இல் வந்தது. அடைபட்டுக் கிடந்த மாதம் ஒன்றுக்கு 150 மார்க். உடம்பு கெட்டதற்குப் பென்ஷன் வேண்டுமானால், சம்பாதிக்கும் சக்தி நூற்றுக்கு 25 பங்காவது குறைந்துவிட்டது, அதுவும் முகாமினால்தான் குறைந்தது என்று டாக்டர் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டும். 'தூக்கம் வராதது பிறவிச் சுபாவம், முகாமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை' என்று எழுதிக் கொடுத்த டாக்டர்கள் இருந்தார்கள். பெற்றவர்களையும் பெற்ற பிள்ளைகளையும் புகையாகப் பார்த்தவர்களிடம், துன்பப்பட்டதற்கு அத்தாட்சி கொண்டுவா என்றது சர்க்கார்.

காவல் காத்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு இருக்கவில்லை. யுத்தத்தில் காயம் பட்டவர்களுக்காக 1950இல் செய்த சட்டத்தின் கீழ் எஸ்.எஸ். படையில் இருந்தவர்களும் பென்ஷன் வாங்கினார்கள். மனிதத்தன்மைக்கு விரோதமாக நடந்தவர்களுக்கு அதை மறுக்கலாம் என்ற திருத்தம் 1998இல்தான் வந்தது. யூதரை ஒழிக்கத் திட்டம் தீட்டிய ஹைட்ரிக்கின் விதவை கோர்ட்டுக்குப் போய்ப் பென்ஷன் வாங்கினாள். ஆஷ்விட்ஸில் வேலை பார்த்த எஸ்.எஸ். ஆட்கள் ஏழெட்டாயிரம் பேர்; அவர்களில் கூண்டேறியவர்கள் சுமார் 800 பேர்; அதிலும் பெரும்பாலோரை விசாரித்தது போலந்து.

காபேசியஸ் என்றொருவன். யுத்தத்துக்கு முன் ருமேனியாவில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. ஆஷ்விட்ஸில் மருந்துக்கிடங்கு அதிகாரி. ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தை, சாவுக்கு இந்தப் பக்கம், வேலைக்கு அந்தப் பக்கம் என்று பிரித்தவர்களில் அவனும் ஒருவன். அந்தக் கூட்டத்தில் அவனுடைய பழைய வாடிக்கைக்கார டாக்டர்களும் இருந்தார்கள். யுத்தம் முடிந்தபின் கோப்பிங்கன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்துச் செழித்தான். 1965இல் ஃப்ராங்க்ஃபர்ட் கோர்ட்டு அவனுக்கு ஒன்பது வருஷம் விதித்தது. 1968இல் வெளியே வந்துவிட்டான்.

அந்த வழக்கை நடத்திவைத்தவர் ஃப்ரிட்ஸ் பௌவர் என்ற அரசாங்க வக்கீல். 1933இல் தாமே முகாமில் அடைபட்ட யூதர். அவர் வாதம் எளியது. ஆஷ்விட்ஸ் மனிதரைக் கொல்வதற்கென்றே நடந்த ஆலை. தெரிந்தே அதில் வேலை பார்த்த ஒவ்வொருவனும் கொலைக்கு உடந்தை. கோர்ட்டு ஒப்பவில்லை. இன்னான் இன்ன காரியம் செய்தான் என்று தனித்தனியாகக் காட்டு என்றது. 1969இல் உச்ச கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. சாம்பலானவன் வந்து சாட்சி சொல்வானா? 2011இல், சோபிபோர் முகாமில் காவல் நின்ற டெம்யான்யுக்கின் வழக்கில்தான், ஜெர்மன் நீதி பௌவரின் வழிக்குத் திரும்பியது. அவர் 1968லேயே காலமாகிவிட்டார்.

இந்தப் பாவத்தில் கதை எழுதும் எங்களுக்கும் பங்கு உண்டு. வில்லன் என்றால் சிவந்த கண்ணும் கையில் சவுக்குமாக வருவான் என்று உங்களைப் பழக்கிவிட்டோம். கணக்கு எழுதியவன், கடிதம் தட்டெழுதியவள், மருந்து எடுத்துக் கொடுத்தவன் இவர்களெல்லாம் கதையில் பெயரில்லாத பாத்திரங்கள். ஆனால் சவுக்கு மட்டும் 11 லட்சம் பேரைக் கொன்றுவிடாது. அதற்கு ரயில் அட்டவணை வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், மாலை ஆனதும் மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதர்கள் வேண்டும்.

"மன்னிக்கக் கூடாதா?" என்றார் நண்பர். மன்னிக்கலாம். ஆஷ்விட்ஸில் கணக்கெழுதிய க்ரோனிங் என்பவர் 2015இல் கூண்டில் நின்றபோது, மெங்கலே என்ற டாக்டரின் பரிசோதனைக்கு ஆளாகிப் பிழைத்த ஏவா கோர் அவரை மன்னித்துக் கைகொடுத்தார். மற்றப் பாதிக்கப்பட்டவர்கள், எங்களால் ஆகாது என்றார்கள். இரண்டும் அவரவர் உரிமை. தூர இருந்து பேப்பர் படிக்கிற உமக்கும் எனக்கும் அந்த உரிமை கிடையாது.

சாதித்தது என்ன என்று கேட்டாரே, சொல்கிறேன். இட்சேஹோ வழக்கில் சாட்சி சொன்னவர்களுக்கும் தொண்ணூறு வயதை ஒட்டித்தான். அந்த வயதில், நடந்தது நடந்தது என்று ஒரு ஜெர்மன் நீதிபதியின் வாயால் கேட்டார்கள். நிறுத்தி வைத்த இரண்டு வருஷத் தண்டனையைப் பழிவாங்கல் என்று யார் சொல்ல முடியும்? அந்த அம்மாளோ, 2021 செப்டம்பரில் விசாரணை தொடங்க வேண்டிய அன்று முதியோர் விடுதியிலிருந்து டாக்ஸி ஏறி ஓடிப்போனார். சில மணி நேரத்தில் பிடித்துவிட்டார்கள். ஓட வேண்டிய காரியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பருக்குத்தான் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் விசாரித்திருக்க வேண்டியவரைத் தொண்ணூற்றேழு வயதுவரை விட்டுவைத்தது யார் குற்றம்? வழக்கைத் தள்ளிப்போட்டவர்களைக் கேளுங்கள், ஐயா. பிழைத்து வந்தவர்களைக் கேட்காதீர்கள்.