செல்ல நாயின் சொல்லாத நோய்

சிறு நாயொன்று பின்புறத்தை நிலத்தில் தேய்த்து இழுபட்டால், பூச்சித் தொல்லையென்றே பலரும் மருந்து கொடுப்பர். காரணம் வேறாகவும் இருக்கலாம். குதத்தின் இருமருங்கும் பக்கத்துக்கொன்றாக 2 சிறு பைகள் உள. கட்டியான மலம் வெளியேறுகையில் அவை அழுத்தப்பட்டு, நாற்றமுள்ள நீரைக் கழிக்கும். மலம் இளகினால் அழுத்தம் குன்றும். நீர் தேங்கித் தடிக்கும். சிறிய இன நாய்களுக்கே இத்தொல்லை அதிகம். மீன் நாற்றமும் ஓயாது நக்குதலும் இதன் அறிகுறிகள். வீக்கமோ இரத்தமோ சீழோ கண்டால், அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நாமே பிதுக்குதல் தகாது, பை புண்படும். உப்பும் உறைப்புமின்றி அவித்த பூசணிக்காயைச் சிறிது உணவிற் சேர்ப்போம். உடல் பருக்க விடாதிருப்போம். வாயில்லாச் சீவனின் வேதனையைக் குறிப்பால் உணர்வது நம் கடமையன்றோ!