புதிய ஊரில் யாரோடு பேசுவது?



மாற்றல் உத்தரவு வீட்டுக்கு வந்த நாளில் எழும் கேள்விகளை நாம் அறிவோம். வாடகைக்கு வீடு கிடைக்குமா, பிள்ளைகளுக்குப் பள்ளி எது, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா? இவற்றுக்கெல்லாம் ஒரு மாதத்திற்குள் விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதுதான் நெடுநாள் விடையின்றி நிற்கிறது. வேலை முடிந்து, கதவைத் திறந்து, விளக்கை ஏற்றிய பின் யாரோடு பேசுவது?

சிறிய கடற்கரையூருக்குச் செல்வோருக்கு இக்கேள்வி கடுமையானது. பெருநகரத்தில் யாரும் யாரையும் அறியார். ஆதலால் அங்கே தனிமை ஒரு வெட்கமன்று. சிற்றூரிலோ புதிதாய் வந்தவரைத் தவிர எல்லாரும் ஒருவரையொருவர் அறிவர். தனியே வந்து தங்கும் ஆசிரியை, மருத்துவமனைச் செவிலி, வங்கி அலுவலரின் மனைவி, தொலைவூரிலிருந்து மணமுடித்து வந்த மருமகள் ஆகியோர் ஊர் முழுவதும் தம்மைப் பார்ப்பதை உணர்கிறார்கள். பேசத்தான் ஒருவரும் வருவதில்லை. ஆறு மாதத்தில் உடல் மெலிந்து, மாற்றல் கேட்டு மனு எழுதுவோரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

இப்பொருளை ஆராய்வதற்குப் பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊரை நானறியேன். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து சென்றால், ஏரிக்கும் கடலுக்கும் இடையே இவ்வூர் கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. வெளியூராரும் வெளிநாட்டாரும் பல நூற்றாண்டுகளாக வந்து தங்கிய துறை இது. அரபு நாட்டிலிருந்து மரக்கலமேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்று இவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லுகின்றன. போர்த்துக்கீசியர் வந்தனர், இங்குள்ள மகிமை மாதா திருத்தலம் 1515ஆம் ஆண்டில் அவர்களால் தொடங்கப்பட்டதென்பது மரபு. அவர்களுக்குப் பின் வந்தோர் ஒல்லாந்தர் என்று நாம் வழங்கும் டச்சுக்காரர்.

டச்சுக்காரரின் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வைத்திருந்த பண்டகசாலையை 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அழித்தனர். அதனால் 1613இல் டச்சுக்காரர் ஒரு கோட்டையை எழுப்பி, தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் அதை கெல்திரியா என்றழைத்தனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ஆட்சிக்கு இதுவே தலையூர். சிப்பாய்களும் கணக்கர்களும் வணிகர்களும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து வந்து இக்கோட்டையில் தங்கினார்கள். கடிதம் எழுதினால் மறுமொழிக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். உள்ளூரில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வழிக் கலப்புக் குடும்பத்துப் பெண்களை மணந்து நிலைத்தவர்களும் அவர்களுள் உண்டு.

அவர்களுடைய கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. எஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் இருபுறமும் கல்லிற் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன; உள்ளே அழகிய எழுத்துக்கள் பொறித்த பெரிய கற்கள். ஒரு கல்லில் அந்தக் கோட்டையின் உருவத்தையே செதுக்கி வைத்திருக்கிறார்கள். இறந்த பின்னும் கோட்டைக்குள்ளேயே இருக்க விரும்பினார் போலும்!

ஏன் அவர்கள் மதிலுக்குள் அடைபட்டார்கள் என்று கேட்டால், பகைவர் அச்சம் என்று வரலாற்று ஆசிரியர் சொல்லுவர். அது உண்மையே. ஆனால் வேறொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கம்பெனி இங்கிருந்து துணி மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் விலைக்கு வாங்கி, பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அவ்வாணிபத்தின் பெரிய துறைகளுள் பழவேற்காடும் ஒன்று. அடுத்த வீட்டுக்காரனின் பிள்ளையை விலைபேசுகிறவனுக்கு அடுத்த வீட்டில் பாய் விரிப்பார் யார்?

அக்கோட்டையைச் சேர்ந்த ஒருவர் வேறு வழியிற் சென்றார். ஆபிரகாம் ரோகர் என்பது அவர் பெயர். டச்சுக்காரரின் சீர்திருத்தச் சபைப் போதகர். 1632 முதல் 1642 வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் இங்கே பணியாற்றினார். தம் நாட்டாருக்குப் பிரசங்கம் செய்துவிட்டு அறைக்குத் திரும்பியிருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ பத்மநாபர் என்ற பிராமணரோடு பழகத் தொடங்கினார். ரோகருக்கு வடமொழி தெரியாது. பத்மநாபருக்கு டச்சு மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது, அக்காலத்துத் துறைமுகங்களில் வழங்கிய போர்த்துக்கீசிய மொழியே. இருவருக்கும் அது தாய்மொழியன்று. எனவே பேச்சில் பிழை செய்வதற்கு இருவரும் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் எப்போது உண்பீர்கள், திருமணத்தை எப்படி நடத்துவீர்கள், இறந்தவருக்கு என்ன செய்வீர்கள், கடவுளை எப்படி எண்ணுகிறீர்கள் என்று ஒருவர் கேட்க, மற்றவர் விளக்கினார்.

அப்பேச்சின் பயனாக ஒரு நூல் பிறந்தது. ரோகர் பத்தாவியாவுக்குச் சென்று, பின் தாயகம் திரும்பி, 1649இல் இறந்தார். நூல் 1651இல் லெய்டன் நகரில் வெளிவந்தது. மறைவாயிருந்த ஒரு சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயரின் பொருள். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியச் சதகங்கள் ஐரோப்பியருக்கு முதன்முதலாக அந்நூலின் வழியாகவே தெரியவந்தன. 1663இல் ஜெர்மன் மொழியிலும், 1670இல் பிரெஞ்சு மொழியிலும் அது பெயர்க்கப்பட்டது. தலைப்பில் 'புறச்சமயம்' என்ற அக்காலத்துச் சொல் இருக்கிறது. இன்று நாம் அப்படி எழுதமாட்டோம். மேலும் அந்நூல் பெரும்பாலும் பிராமணர் வாழ்வையே பேசுகிறது. கோட்டையின் நிழலிலேயே வலை உலர்த்தியவர்களைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அதில் அதிகம் கிடைக்காது. பாதிக் கதவுதான் திறந்தது என்பேன். ஆயினும் மற்றவர்கள் பலர் தங்கள் பெயரைக் கல்லில் விட்டுச் சென்ற ஊரில், அவர் ஓர் உரையாடலை விட்டுச் சென்றார்.

சாவி, சன்னல், மேசை, அலமாரி, பாதிரி ஆகிய சொற்களை நாம் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றோம் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இவை வீட்டுக்குள் புழங்கும் சொற்கள். யாரோ ஒருவர் மற்றொருவர் வீட்டுக்குள் சென்று அமர்ந்ததால்தானே வந்திருக்க வேண்டும்?

இனி இன்றைய ஏரிக்கரைக்கு வருவோம். மீனவர் குப்பத்தில் குடியேறுகிறவர் முதலில் அறிய வேண்டியது அவ்வூரின் நேரம். இறாலுக்காக இரவில் வலையிட்டவர் பகலில் உறங்குவார். அலுவலகக் கணக்கில் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் முகம் சுளிப்பார். அது பகையன்று, தூக்கம். வெயில் தாழ்ந்து, வலை பழுதுபார்க்கத் திண்ணையிலும் மணலிலும் ஆட்கள் அமரும் வேளையே பேச்சுக்குரிய வேளை. கைகள் வலையில் இருக்கும். வாய் ஓய்வாக இருக்கும். அருகில் சென்று அமருங்கள். 'முகத்துவாரம் திறந்திருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஏரி கடலோடு சேரும் அவ்வாய் மணலால் தூர்ந்துவிட்டால் மீன்வரத்துக் குறைந்துவிடும். ஆகவே அதைப் பற்றிப் பேச அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரச் செய்தி உண்டு.

இரண்டாவது, எங்கே நாம் சேர முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியின் இறால் வளமுள்ள இடங்களில் எந்த நாளில் யார் வலையிடலாம் என்று முறைவைத்துப் பங்கிடும் பழைய ஏற்பாடு அது. பிறப்பாலும் ஊர்க்கட்டாலும் வரும் உரிமை; வந்தேறியவருக்கு அதில் இடமில்லை. ஏரியையே நம்பி வாழும் பிறருக்கு, குறிப்பாகக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு, அதில் இடம் கிடைக்காத மனக்குறை நெடுநாளாக உண்டு. அது தனியே பேச வேண்டிய பொருள். புதிதாய் வந்தவர் அதில் தீர்ப்புக் கூறப் புகாதிருப்பது நலம். ஊரின் வழக்குகளில் ஒரு பக்கம் சேர்ந்து நட்பைத் தேடியவர், மறுபக்கத்து வாசல்களை இழப்பார்.

உரிமை இல்லாவிட்டாலும் உறவு கிடைக்கும். மீன் விற்கும் பெண்களுள் ஒருவரிடமே தொடர்ந்து வாங்குங்கள். இன்று நான்கு ரூபாய் மிச்சம் என்று வேறு கூடைக்குத் தாவாதீர்கள். மூன்று மாதத்தில் அந்த அம்மாள் உங்களை 'நம்ம டீச்சரம்மா' என்று ஊருக்குச் சொல்லிவிடுவார். சாவு வீட்டுக்கு அழைப்பை எதிர்பாராமல் செல்லுங்கள். ஓரமாக ஒரு நாழிகை அமர்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. அண்டை வீட்டார் நோன்புக் கஞ்சி அனுப்பினால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். கிறிஸ்துமஸ் பலகாரத்தை நெருங்கியவர்களுக்கு மட்டுமென்று வைக்காமல் தெரு முழுவதற்கும் கணக்கிடுங்கள். தெலுங்கு பேசுவோரும் இக்கரையில் உண்டு. 'பாகுன்னாரா?' என்று தப்பும் தவறுமாகக் கேட்டாலும் சிரித்துவிட்டு மறுமொழி சொல்லுவார்கள். அந்தச் சிரிப்பு மிகப் பெரிய இலாபம்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த வீட்டோடு நாள்தோறும் பேசுவது நல்லதே. ஆனால் மாலை முழுவதும் அதிலேயே கழிந்தால், உடல் பழவேற்காட்டிலும் உயிர் பாளையங்கோட்டையிலுமாக வாழ்வோம். டச்சுக்காரர் கல்லால் கட்டிய மதிலை நாம் உள்ளங்கைக்குள் கட்டிக்கொள்கிறோம். அரைமணி நேரம் போதாதா?

இதுவரை வந்தவரைப் பற்றியே சொன்னேன். இருப்பவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள் எழுந்தபின், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நின்று, பாடல் புரியாமல், முடிந்ததும் ஒருவரையும் பாராமல் வெளியேறும் பையன்களை நம் பங்குகளில் நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவர்கள் மொழி தெரியாது. ரோகருக்கும் பத்மநாபருக்கும் இருந்த இடர்தான் இது. அவர்களுக்குக் கிடைத்த அரைகுறைப் போர்த்துக்கீசியம் போல், நம் பிள்ளைகள் பள்ளியில் கற்ற அரைகுறை இந்தியோ ஆங்கிலமோ கிடைக்காமலா போகும்? வரும் ஞாயிறன்று கோயில் வாசலில் ஒருவனை நிறுத்தி, அவன் பெயரையும், ஊரையும், அங்கே அவன் தாய் என்ன சமைப்பாள் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.