தெய்வ உடல் வேண்டாம், காலிப்பர் கொடுங்கள்!

2014 மார்ச் 27 அன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் இங்கே இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி பாதிப்பு. தெருத் தெருவாகவும் பேருந்து நிலையங்களிலும் நின்று சொட்டு மருந்து கொடுத்த அங்கன்வாடிப் பெண்களும் கிராமச் செவிலியர்களும் ஈட்டித் தந்த வெற்றி அது. தடுப்பு மருந்துக்கு எதிராகப் புரளி கிளப்புகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் கிடையாது. அந்தச் சொட்டு மருந்து எங்கள் சேரிக்கு ஒழுங்காக வந்து சேராத காலத்தில் பிறந்து, ஒரு கால் சூம்பிப் போனவன் நான்.

என் கேள்வி வேறு. கிருமியை ஒழித்த அரசு, அந்தக் கிருமி தாக்கிவிட்டுப் போன மனிதர்களுக்கு என்ன செய்தது? சான்றிதழ் வாங்கிய கையோடு எங்கள் கோப்பையும் கட்டி வைத்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. பணமில்லாததால் மட்டும் அந்தக் கோப்பு மூடப்படவில்லை, சாதிப் புத்தியும் சேர்ந்தே அதை மூடியது என்பதே என் வாதம்.

முதலில் வயதுக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவில் இயற்கைப் போலியோ 1979லேயே முடிந்துவிட்டது. அங்கே போலியோவோடு வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். இந்தியாவில் 2002ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,600 பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். 2009இல் 741 பேர். அந்தப் பிள்ளைகள் இன்று படிக்கிற, வேலை தேடுகிற, குடும்பம் நடத்துகிற வயதில் இருக்கிறார்கள். 1980களிலும் 90களிலும் பாதிக்கப்பட்ட என்னைப் போன்றவர்கள் நடுவயதில் இருக்கிறோம். இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர்கள் நாங்கள். நோய் ஒழிந்துவிட்டது, ஆகவே நோயாளியும் ஒழிந்துவிட்டான் என்று நினைக்கிற நிர்வாகத்தை என்னவென்று சொல்வது?

இந்த நோயைப் பற்றி அறியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன். போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் கொல்கிறது. செத்த நரம்பணு மீளாது. ஆனால் ஊனம் அந்தக் காய்ச்சலோடு நின்றுவிடுவதில்லை. சூம்பிய கால் மற்றக் காலுக்கு ஈடாக வளராது. நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்காவிட்டால் முட்டியும் இடுப்பும் மடங்கியபடியே இறுகிவிடும். குதிகால் தரையைத் தொடாது. முதுகெலும்பு வளைந்துவிடும். பிள்ளை வளர வளரக் காலிப்பரையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உரிய வயதில் பயிற்சியும் அறுவை சிகிச்சையும் காலிப்பரும் கிடைத்தால் நடந்தே பள்ளிக்கூடம் போகக்கூடிய பிள்ளை, இவை கிடைக்காததால் தவழ்கிறது. கிருமியால் வந்த ஊனம் ஒரு பங்கு என்றால், மறுவாழ்வு மருத்துவம் மறுக்கப்பட்டதால் வந்த ஊனம் இன்னொரு பங்கு.

அதோடும் முடியவில்லை. செத்துப்போன நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்து, பிழைத்த நரம்பணுக்கள் பல ஆண்டுகள் இழுத்துச் சுமக்கின்றன. பதினைந்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அவையும் ஓய்ந்து போகின்றன. நன்றாக இருந்த காலும் கையும் தளர்கின்றன. தீராத களைப்பும் வலியும் வருகின்றன. போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று இதற்குப் பெயர். இதற்கு மருத்துவம் சொல்லும் வழி, உடலை அளவோடு பயன்படுத்து, ஓய்வெடு, எடை குறைந்த காலிப்பருக்கு மாறு என்பதுதான். செங்கல் சூளையில் கல் அறுக்கிறவரிடம், பீடி சுற்றிக் கணக்குக் கொடுக்கிறவரிடம், தையல் எந்திரத்தை ஒரே காலால் மிதிக்கிறவரிடம் ஓய்வெடு என்று சொன்னால் அன்றைக்குக் கூலி யார் கொடுப்பார்? மேசை வேலைக்கும் ஊதிய விடுப்புக்கும் பழகியவர்களுக்கான மருந்துச் சீட்டு அது. உடலுழைப்பைச் சில சாதிகளின் தலையில் கட்டிய நாட்டில், இந்த நோய் யாரை முதலில் படுக்கையில் தள்ளும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, போலியோ யாருக்கு வந்தது? மலத்தின் வழியாகத் தண்ணீரில் கலந்து பரவும் கிருமி அது. சாக்கடை ஓரத்தில் குடியிருப்பு, குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்திலேயே கழிவுநீர் என்று யாரை வைத்திருக்கிறார்களோ அவர்களைத்தான் அது தேடி வரும். வயிற்றுப்போக்கும் குடல் தொற்றும் ஓயாத இடத்தில் சொட்டு மருந்தும் முழுதாக வேலை செய்யாது. மேலைநாட்டுப் பிள்ளைக்குப் போதுமான தவணைகள் நம் பிள்ளைகளுக்குப் போதாது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் ஜேக்கப் ஜான் 1970களிலேயே ஆராய்ந்து சொன்னார். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ கடைசிவரை அடம்பிடித்து நின்றதற்கு இந்தக் குடியிருப்புகளின் நிலையும் ஒரு காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, எல்லா வகை ஊனங்களையும் சேர்த்து, பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாத மற்றவர்களில் இது 2.18 விழுக்காடு. ஊருக்கும் சேரிக்கும் இடையே இருக்கும் தூரம் உடம்பிலும் பதிவாகிறது.

இப்படி வந்த ஊனத்துக்குச் சனாதனம் சொல்லும் விளக்கம் என்ன? முற்பிறவி வினை. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள், எந்தப் பாவம் செய்தவன் எந்த நோயோடும் எந்தக் குறையோடும் பிறப்பான் என்று பட்டியலே இருக்கிறது. 9ஆம் அத்தியாயம், உறுப்புக் குறை உள்ளவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. பிறப்பால் தாழ்ந்தவன் என்பதற்கும் பிறப்பால் ஊனன் என்பதற்கும் பார்ப்பனியம் வைத்திருக்கும் காரணம் ஒன்றுதான். வினைப்பயன் என்று சொல்லிவிட்டால் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டாம், காலிப்பரும் கொடுக்க வேண்டாம். தர்மம் செய்தால் போதும். தர்மம் செய்தவனுக்குப் புண்ணியமும் சேரும்!

2015 டிசம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் எங்களுக்குப் புதுப் பெயர் வைத்தார், ‘திவ்யாங்’. தெய்வீக உடல் கொண்டவர்கள் என்று பொருள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தும் கேட்கவில்லை. ஒன்றிய அரசுத் துறையின் இந்திப் பெயரையே அப்படி மாற்றிவிட்டார்கள். இந்த வித்தை நமக்குப் புதிதா என்ன? தீண்டப்படாதவர்களுக்கு ‘அரிசனங்கள்’, கடவுளின் பிள்ளைகள், என்று பெயர் வைத்த அதே வித்தைதான். அண்ணல் அம்பேத்கர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. உரிமை கேட்பவனைக் கடவுளின் கணக்கில் எழுதிவிட்டால் அரசின் கணக்கில் எழுத வேண்டியதில்லை அல்லவா? 2016இல் பிரதமரின் பிறந்த நாளன்று குஜராத்தின் நவ்சாரியில் மாற்றுத்திறனாளிகளைத் திரட்டிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் வரி இல்லை, சக்கர நாற்காலிக்கு 5 விழுக்காடு வரி! தெய்வ உடலுக்கு இவர்கள் செய்த மரியாதை இவ்வளவுதான்.

சட்டத்தையாவது பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஊனங்களின் வகையை 21 ஆக உயர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் தொழுநோயிலிருந்து குணமானவர், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு என்று பெயர் சொல்லி எழுதிய பட்டியலில் போலியோவின் பெயரே இல்லை. பொதுப் பிரிவில் சேர்ந்துகொள் என்று விட்டுவிட்டார்கள். மறுவாழ்வு பற்றிய 27ஆம் பிரிவு, அரசு தன் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ மறுவாழ்வுச் சேவைகளைச் செய்ய வேண்டும் என்கிறது. ஓர் உரிமையை ஒரு கையால் எழுதி மறு கையால் அழிப்பது இப்படித்தான்.

நடைமுறையில் எங்களுக்குக் கிடைப்பது முகாம். பந்தல், பதாகை, மாலை, அமைச்சர், புகைப்படம், மூன்றுசக்கர வண்டி. ஒருமுறை ஒரு முகாமில் எனக்கு அளவெடுத்தார்கள். பல மாதம் கழித்து வந்த காலிப்பர் தொடையில் ஏறவில்லை. திருத்தித் தர ஆளில்லை, முகாம்தான் முடிந்துவிட்டதே! காலிப்பர் கடையில் வாங்கும் குடையைப் போன்றதன்று. தொடையில் எங்கே உராய்கிறது, முட்டி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது. அதற்கு வேண்டியது நிரந்தரப் பட்டறை, பயிற்சி பெற்ற கைவினைஞர், பிசியோதெரபிஸ்ட். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. கடைக்கோடி ஊரில் கூலி வேலை செய்யும் ஒரு போலியோ பெண், ஒரு வாரைத் தைக்க அங்கே வந்து போக எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்?

என் காலிப்பரின் தோல் வாரையும் பூட்ஸையும் இத்தனை ஆண்டுகள் தைத்துக் கொடுத்தவர் பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் அருந்ததியர் அண்ணன் ஒருவர். எந்த இடத்தில் தோல் தேய்ந்தால் நான் எப்படிச் சாய்வேன் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடையாது. அந்தக் கைத்திறனுக்கு மாவட்ட மருத்துவமனையில் ஒரு பட்டறையும் அரசுச் சம்பளமும் கொடுக்க முடியாதா? தோலைத் தொட்டவனை இழிந்தவனாக்கிய சமூகம், தோல் வாரால் நடக்கிறவனையும் சேர்த்தே தெருவில் விட்டிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. தாமே போலியோவால் பாதிக்கப்பட்ட ரூஸ்வெல்ட், ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அமைத்த மறுவாழ்வு மையத்தில் கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை கிடையாது. கறுப்பர்களுக்குப் போலியோ அவ்வளவாக வராது என்று மருத்துவர்கள் சிலர் கதை கட்டினார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகே 1941இல் டஸ்கிகீயில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தனி மையம் திறக்கப்பட்டது. பிறகு 1977இல், சிறுவயதில் போலியோ வந்த ஜூடித் ஹியூமன் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஊனமுற்றோர் உரிமை விதிகளில் கையெழுத்திடக் கோரி சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து வென்றார்கள். அவர்களுக்குச் சுடச்சுட உணவு கொண்டுவந்து கொடுத்தது கருஞ்சிறுத்தைக் கட்சி! உள்ளே போராடியவர்களில் சக்கர நாற்காலியில் வந்த கருஞ்சிறுத்தைத் தோழர் பிராட் லோமாக்சும் ஒருவர்.

நம் இயக்கத் தோழர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். நம் மாநாட்டு மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா? சாதியைக் கணக்கெடு என்று முழங்குகிற நாம், மாற்றுத்திறனாளிகளில் எத்தனை பேர் எந்தச் சாதி, யாருக்குக் காலிப்பர் கிடைத்தது, யார் தவழ்கிறார் என்று கணக்குக் கேட்கிறோமா? எதிரியைத் திட்ட ‘நொண்டி’, ‘முடம்’ என்ற சொற்களை நம் பேச்சாளர்களே பயன்படுத்துகிறார்கள். இன்னொருவரின் சாதிப் பெயரை வசையாக்கினால் கொதிக்கும் நாம் இதற்கும் கொதிக்க வேண்டும்.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளியவை.

ஒன்று, போலியோவால் பாதிக்கப்பட்டவர்களைச் சாதிவாரியாகவும் வயதுவாரியாகவும் கணக்கெடுத்து வெளியிட வேண்டும்.

இரண்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் நிரந்தரக் காலிப்பர் பட்டறையும் மறுவாழ்வுப் பிரிவும் வேண்டும். அதில் தோல் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் அரசுப் பணியும் தர வேண்டும்.

மூன்று, போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறியை ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே கண்டறிய வேண்டும். ஓய்வெடுக்கச் சொல்லும் நாட்களுக்குக் கூலி இழப்பீடு தர வேண்டும்.

நான்கு, சட்டத்தின் 27ஆம் பிரிவிலிருந்து ‘பொருளாதாரத் திறன்’ என்ற சாக்கை நீக்க வேண்டும்.

கிருமியை ஒழிக்க வீடு வீடாக ஆள் அனுப்ப முடிந்த அரசுக்கு, அதே வீடுகளில் முடங்கிக் கிடப்பவர்களைத் தேடி வர வழி தெரியாதா? தெரியும். வராது. வரவைப்பதுதான் நம் வேலை. அடுத்த முறை உங்கள் ஊரில் சாலை மறியலோ முற்றுகையோ நடத்தும்போது இந்த நான்கையும் துண்டறிக்கையில் அச்சடியுங்கள், தோழர்களே. நாங்களும் வருகிறோம். முன்வரிசையில் இடம் விடுங்கள்.