ஒற்றை வரி பில்லுக்கு இத்தனை பாடா?

டயர், டியூப், பேட்டரி மூன்றும் சேர்ந்த பில் என்றால் கணக்கில் ஏறிவிடுகிறது. டயர் மட்டும் என்றால் மென்பொருள் நின்றுவிடுகிறது. சிலாங்கூரின் ஜெராமில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்களுக்குக் கணக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறவன் நான். "என்ன தம்பி, நாலு சாமான் வாங்குனா எடுக்குது, ஒன்னு வாங்குனா எடுக்க மாட்டேங்குது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதானே?

இந்த பில்கள் இப்போது மின்வடிவில் வருகின்றன. மலேசியாவில் இந்த இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கியது. 2025 ஜூலை 1-இல் 5 மில்லியனைத் தாண்டியவர்கள் வரை வந்துவிட்டது. வருமான வரி வாரியம் கேட்பது யூபிஎல் 2.1 அமைப்பு, எக்ஸ்எம்எல்லாகவோ ஜேசனாகவோ அனுப்பலாம். அந்த அமைப்பின் மேல் எனக்குக் குறையில்லை. ஒரு பில்லில் பொருளுக்கான வரி, அதாவது 'இன்வாய்ஸ்லைன்', குறைந்தது ஒன்று, மேலே எத்தனையும் இருக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது.

அந்த எக்ஸ்எம்எல்லை வாசித்து ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தரும் நிரல்கள்தான் உயிரை வாங்குகின்றன. 'இன்வாய்ஸ்லைன்' மூன்று முறை வந்தால் பட்டியலாகத் தருகின்றன. ஒரே முறை வந்தால் பட்டியலே கிடையாது, அந்த ஒரு பொருளை அப்படியே கொடுத்துவிடுகின்றன. பட்டியல் என்று நம்பி லூப் ஓடுகிறது. பைத்தானில் அப்போது கையில் வருவது டயர் அல்ல. 'ஐடி' என்ற புலப்பெயர், வெறும் எழுத்துச் சரம். அதற்குள் போய் அளவையும் விலையையும் தேடினால் பிழை வராமல் என்ன செய்யும்? அளவோடு அலகுக் குறியீடு இருந்தால் ஒரு வடிவம், இல்லாவிட்டால் இன்னொரு வடிவம் என்ற கூத்தும் உண்டு.

எண் மாதிரி தெரிந்தாலே எண்ணாக்கிவிடும் மாற்றிகள் இதைவிட மோசம். சாதாரண இன்வாய்ஸின் வகைக் குறியீடு 01, ஜொகூரின் மாநிலக் குறியீடும் 01. இரண்டையும் 1 ஆக்கிவிட்டால் முன்னால் இருந்த சுழியை யார் திருப்பித் தருவது? சிலாங்கூருக்குக் குறியீடு 10 என்பதால் நம் பக்கத்து முகவரிகளை வைத்துச் சோதிக்கிறவர் கண்ணில் மாநிலப் பிழை படவே படாது.

இதெல்லாம் தீராத சிக்கலா? யூபிஎல்லுக்கு எக்ஸ்எஸ்டி கோப்புகள் இலவசமாகவே கிடக்கின்றன. எது பலமுறை வரலாம், எது எழுத்து, எது எண் என்று அதிலேயே இருக்கிறது. அதை வைத்து வகுப்புகளை உருவாக்கும் கருவி ஜாவாக்காரர்களிடம் ஜாக்ஸ்பி என்ற பெயரில் பல ஆண்டுகளாகவே உண்டு. எக்ஸ்எஸ்டியைத் திறந்து பார்க்காமல், வந்த கோப்பைப் பார்த்து ஊகித்துக்கொள்வது என்ன வேலை?

பத்து வரி உள்ள மாதிரிக் கோப்பை வைத்துச் சோதித்து விற்றுவிடுகிறார்கள். சின்ன வியாபாரிக்கு வருவதில் பாதி ஒற்றை வரி பில். ஒரு டயர், ஒரு எண்ணெய் டின், ஒரு பிரேக் வேலை. அப்படி ஒரு பில்லையாவது போட்டுப் பார்த்துவிட்டு விற்கக் கூடாதா?