பழைய தாய்ப்பலகையும் பழகாத கைகளும்

கல்முனைக்கு வடக்கே, அம்பாறை மாவட்டத்தின் எல்லையில் அமைந்த பெரியநீலாவணையின் உப்புக் காற்று மிதிவண்டிச் சங்கிலியை மட்டும் அரிப்பதில்லை. அலுமாரியின் மேல் மறந்துபோய்க் கிடக்கும் பழைய கணினியின் உள்ளுறுப்புகளையும் அரிக்கின்றது. அவ்வாறு துருவேறிய 486 வகைத் தாய்ப்பலகை ஒன்றைத் துப்புரவு செய்து, திருத்தி, தரமுயர்த்தி, 1993 இல் வெளிவந்த 'டூம்' போன்ற விளையாட்டை அதில் ஓடவிட அவ்வூர் இளைஞன் ஒருவன் முற்படுவானாயின், ஊரார் அவனை வேலையற்றவன் என்பர். கற்றோரோ அதனைப் 'பழமை மோகம்' என்னும் நாகரிகச் சொல்லாற் குறிப்பர். இவ்விரு தீர்ப்புகளும் அவன் கை செய்யும் வேலையைப் பாராது கூறப்பட்டவை.

அவ்வேலைதான் யாது? அக்காலப் பலகைகள் பலவற்றில் 3.6 வோல்ற்று நிக்கல்-கட்மியம் மின்கலம் பற்றாசினால் இணைக்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் செல்ல அது கசிந்து, அதன் காரம் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். மின்கலத்தை அகற்றி, காரத்தை வினாகிரியால் நடுநிலையாக்கி, அற்ககோலாற் கழுவி, அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைக்கவேண்டும். அதன் இடத்தில் லிதியம் மின்கலம் வைப்பதாயின், மின்னேற்றும் மின்னோட்டம் அதனுட் புகாதபடி இருவாயி ஒன்றும் வேண்டும். இன்றேல் அது வெடிக்கவுங்கூடும். தரமுயர்த்துவதும் எளிதன்று. 1994 இல் வந்த டிஎக்ஸ்4 நுண்செயலி 3.3 வோல்ற்றுக்குரியது; 5 வோல்ற்றுப் பலகையில் அதனை அப்படியே செருகுவோன் அதனைச் சுட்டெரிப்பான். 486 பலகைகள் பல 528 மில்லியன் பைற்றுக்கு மேற்பட்ட வன்தட்டை அறியமாட்டா. 1024 உருளைகள், 16 தலைகள், 63 பிரிவுகள், பிரிவொன்றுக்கு 512 பைற்று என்னும் பெருக்கலே அவ்வெல்லையை இட்டது. இரசாயனம், மின்னியல், கணிதம் மூன்றும் ஒரே மேசையில் இவ்வாறு வந்து கூடும் விரிவுரை வேறெங்குண்டு?

புதிய கணினியிலேயே பழைய விளையாட்டுகளை இயக்க டொஸ்பொக்ஸ் போன்ற மென்பொருள் 2002 முதல் உள்ளதே, பழைய பலகை எதற்கு என வினவுவாருமுளர். வினா நியாயமானது, விளையாடுவதே நோக்கமாயின் அம்மென்பொருளே போதும். ஆனால் அதனை இயற்றியோர் மூலப்பொறியின் இயல்பை அறிந்தன்றோ இயற்றினர்? தொடக்ககால விளையாட்டுகள் சில, 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கிய 1981 ஆம் ஆண்டுக் கணினியையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. விரைவான பொறியில் அவை கண்மண் தெரியாது ஓடும். நகல் சரியானதா எனச் சொல்ல மூலம் உயிரோடிருத்தல் வேண்டும்.

இனி, பழம்பொருள் சேகரிப்போருக்கும் ஒரு சொல். ஓர் உறுப்பையும் மாற்றலாகாது எனப் பலகையைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துப் பூசிப்பவர், அதனைக் குப்பையில் எறிபவரைக் காட்டிலும் பெரிதாக ஏதும் சாதித்தவரல்லர். இருவர் கையிலும் அது இயங்குவதில்லை. புதுக் கொள்ளளவியும் புது நினைவகமும் பெற்று இயங்கும் பலகையே பயன்தரும் பலகை.

இதிற் பணயமாக இருப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதி மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அதற்கு அடுத்த பதிப்பின் வன்பொருள் நிபந்தனைகளுக்கு உட்படாமையால், நன்றாக இயங்கும் கணினிகள் எண்ணற்றவை 'பழையன' ஆயின. அவற்றைப் பழையன ஆக்கியது துருவன்று. தொலைவிலுள்ள ஒருவரின் தீர்மானம். 2022 இல் மாத்திரம் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகின்றது. அதே ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி அல்லலுற்றது இலங்கை. வாங்க இயலாத நாட்டிற்குத் திருத்தத் தெரிந்த கை ஆடம்பரமாகுமா?

தமிழுக்கும் இதில் நேரடியான பங்குண்டு. ஒருங்குறி பரவுமுன் ஈழத்தில் தட்டச்சான கட்டுரைகளும் மலர்களும் பாமினி முதலிய எழுத்துருக்களில் அமைந்தவை. நெகிழ்வட்டுகளில் எஞ்சியுள்ளவற்றை வாசிக்க, குறிப்பாக 5.25 அங்குல வட்டுகளை வாசிக்க, அவற்றுக்கான இணைப்புள்ள பழைய பலகையே எளிய வழி. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சுநூல்களை எண்ணிம வடிவிற் காத்துவருகின்றது. எண்ணிம வடிவிலேயே பிறந்து அச்சேறாது போனவற்றைக் காப்பவர் யார்? விளையாட்டுக்காக நெகிழ்வட்டு இயக்கியைத் திருத்தப் பழகியவனே அதற்குத் தகுதியுடையவன்.

பெரியநீலாவணையை அடுத்துள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்றது. நெய்யத் தெரிந்தும் தறியின் பழுது தெரியாதவனை அங்கு எவரும் நெசவாளி என மதியார். கணினியை இயக்க மட்டும் தெரிந்தவனுக்குப் பல்கலைக்கழகம் பட்டம் அளிக்கின்றது! வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் உள்ள இக்கரையில், கழிக்கப்படும் கணினிகள் ஏலத்திற்குச் செல்லுமுன் ஓர் அறையும் சில பற்றாசுக் கருவிகளும் மாணவர்க்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். அவ்வறையில் அவர்கள் விளையாடினால் விளையாடட்டும். திறக்க அஞ்சும் பொறிக்கு மனிதன் வாடிக்கையாளன் மட்டுமே. திருத்தத் தெரிந்த பொறிக்கே அவன் உரிமையாளன்.