முதல் மஸில்லோடர் வாங்கப் போறீங்களா? விலைச்சீட்டை மட்டும் பார்க்காதீங்க

"மச்சி, இந்த வருஷம் மான் வேட்டைக்குப் போறேன். 250 டாலருக்குள்ள ஒரு மஸில்லோடர் பார்த்துச் சொல்லுடா" என்றான் வகுப்புத் தோழன் ஒருத்தன். இங்கே பென்சில்வேனியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். துப்பாக்கி பற்றி என்னிடம் எதுக்குக் கேட்டான்னா, பத்து காசு செலவுக்கும் கணக்குப் பார்க்கிற ஆள் வகுப்பில் நான் ஒருத்தன்தான் :-) அவன்கூட சுடும் பயிற்சிக்கு நாலு தடவை போனது என் அனுபவம். மற்றதெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது.

தெரியாதவங்களுக்கு: மஸில்லோடர்னா நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான். குழாயின் வாய் வழியா மருந்தைப் போட்டு, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கணும். ஒரு வெடி, அவ்வளவுதான். (நம்ம ஊரில் மான் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இங்கே உரிமம் எடுத்தால், சீசனில் அனுமதி உண்டு.) 1985-ல் டோனி நைட் என்பவர் கொண்டுவந்த எம்.கே-85-க்கு அப்புறம் "இன்லைன்" வகைதான் எங்கும் பரவியது. சிவிஏ, டிரெடிஷன்ஸ் கம்பெனிகளின் ஆரம்ப நிலைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

என் கருத்து இதுதான்: துப்பாக்கியில் மிச்சம் பிடிக்கலாம், தப்பே இல்லை. ஆனா மிச்சம் பிடித்த காசை மருந்திலும் பயிற்சியிலும் போடணும். நம்மாளுங்க தலைகீழா செய்யறாங்க.

அதுக்கும் முன்னாடி, எந்த சீசனுக்கு வாங்கறீங்கன்னு பாருங்க. நண்பன் கிறிஸ்துமஸ் லீவில் போகலாம்னு இருந்தான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வருகிற சீசனில் பிளின்ட்லாக், அதாவது சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற பழைய வகைக்கு மட்டும்தான் அனுமதி. 250 டாலர் இன்லைனைத் தூக்கிட்டுப் போனா சட்டப்படி குற்றம்! அக்டோபரில் வருகிற ஒரு வார சீசனில் இன்லைன் ஓகே. கொலராடோவில் மஸில்லோடர் சீசனில் ஸ்கோப், மாத்திரை மருந்து, குண்டுக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் உறை மூணுமே கூடாது. ஸ்கோப்போட சேர்த்து "காம்போ ஆஃபர்"னு விற்பதை வாங்கிட்டு அங்கே போனீங்கன்னா கதை முடிஞ்சது.

இப்போ நம்ம காமர்ஸ் புத்தி. துப்பாக்கி ஒரு தடவைச் செலவு, மருந்து ஓடிக்கிட்டே இருக்கிற செலவு. மாத்திரை மருந்து ஒரு டப்பாவில் 100, ஒவ்வொன்றும் 50 கிரெய்ன். வெடிக்கு ரெண்டு போட்டா 50 வெடி. அதே பைரோடெக்ஸ் ஆர்.எஸ். பொடியா ஒரு பவுண்டு வாங்கினா, அதே அளவுக்கு 90 வெடிக்கு மேலே வரும். பிளாக்ஹார்ன் 209 சுத்தமா எரியும், துரு பிடிக்காது. ஆனா 10 அவுன்ஸ் குப்பியில் சுமார் 62 வெடிதான், விலையும் பல மடங்கு. மலிவுத் துப்பாக்கி சிலதில் அதைப் பற்றவைக்க வேற பிரீச் பிளக் தனியா வாங்கணும். ஆரம்பத்துக்குப் பொடிதான் என் ஓட்டு. ஒரே தொல்லை, சுட்ட அன்னைக்கே சுடுதண்ணி, சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய் விடணும். ஒரு வாரம் சோம்பேறித்தனமா விட்டா குழாய் உள்ளே துருதான். பழைய துப்பாக்கி வாங்குறவங்க இதுக்காகவே டார்ச் அடித்துக் குழாயைப் பார்க்கணும்.

வாங்கும்போது .50 அளவு, கையாலேயே கழற்ற முடிகிற பிரீச் பிளக், 209 பிரைமர், 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கிற குழாய். இது போதும். "150 கிரெய்ன் மேக்னம்"னு பெட்டி மேலே போட்டிருக்கிறதுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீங்க. 100 கஜத்துக்குள்ளே வெண்வால் மானுக்கு 80, 100 கிரெய்ன் தாராளம். அதுக்கு மேலே போட்டா தோளில் உதைக்கிற உதையில் அடுத்த வெடிக்குக் கண்ணை மூடிப்போம். ரெண்டாவது வெடி கிடைக்காத துப்பாக்கியில் கண்ணை மூடினா, வயிற்றில் குண்டோட ஒரு மான் காட்டுக்குள்ளே ஓடும். நம்ம சிக்கனத்தின் விலையை அது கொடுக்கும்.

இன்னொன்று, உயிர் சமாச்சாரம். கிரெய்ன்னு சொல்றது இங்கே கொள்ளளவுக் கணக்கு. தராசில் நிறுத்து 100 கிரெய்ன் பிளாக்ஹார்ன் போட்டா கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆயிடும். சாதாரணத் தோட்டாவில் இருக்கிற புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது, குழாய் வெடித்துக் கை போயிடும். கம்பியில் காலித் துப்பாக்கிக்கு ஒரு கோடு, மருந்து போட்டதுக்கு ஒரு கோடு போட்டு வைங்க. ஏற்கெனவே போட்டதை மறந்து மேலே இன்னொரு தடவை போடாம இருக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு மார்க்கர் பேனாதான் செலவு.

நண்பன் கடைசியில் சாதாரண இன்லைனும் ஒரு பவுண்டு பொடியும் வாங்கினான். 80 கிரெய்னில் அறுபது தடவை சுட்டுப் பழகினான். அக்டோபரில் போனப்போ 120 கஜத்தில் ஒரு பெட்டை மான் நின்றுச்சாம். அவன் பழகினது 75 வரைக்கும்தான், அதனால சுடலை. குப்பியில் இன்னும் பாதி மருந்து இருக்கு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்கிறான்.